முப்பத்தேழாம் நம்பர் முதுகு

கையை பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திரு குபேந்திரா, வெளியே எடுக்காதே, எடுத்தால் பக்கத்து நாற்காலி அப்சல் பார்ப்பான், பார்த்தால் கேட்பான், கேட்டால் நான் சிரித்துவிடுவேன். ஒரு நல்ல வேலையைச் செய்துவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் அதை வாய்க்குள் வைத்துக்கொள்ள எந்தக் காலத்திலும் என்னால் முடிந்ததில்லை. வலது கை மணிக்கட்டு வரைக்கும் காப்பிக்கொட்டை நிறம். மூன்று தடவை சோப்பு போட்டாயிற்று, போகவில்லை. பக்கத்துக் குழாயில் முகம் கழுவிய பெரியவர் ஒருத்தர், “இன்னா தம்பி, பெயின்ட் வேலையா?” என்றார். ஆமாம் சார், ஒரே ஒரு படம்தான் வரைந்தேன், கொஞ்ச நேரத்தில் மேடையில் காட்டுவார்கள், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். இதைச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன், நாலாவது வரிசை, ஓரத்து நாற்காலி. ஆணழகன் போட்டி மேடையில் ஐம்பத்தைந்து கிலோ பையன்கள் ஏழு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நடுங்குகிறார்கள். அடுத்தது அறுபது. அறுபதில் டில்லிபாபு, நம்பர் முப்பத்தேழு, என் தெரு, என் வகுப்பு, ஆறாவதிலிருந்து என் பெஞ்ச். அவன் முதுகில் என் கைவேலையாக ஒரு முகம். இரண்டு கண், ஒரு மூக்கு, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போகிற வாய். அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. இப்போதைக்கு அந்த முகம் கலருக்கு அடியில் தூங்குகிறது. மேடைக்குப் போகும் முன்னால் எண்ணெய் தடவித் துணியால் ஒத்துவார்கள் பார், அப்போது கண் திறக்கும், உள்ளே மங்கல் பல்பில் எவனுக்கும் தெரியாது, மேடை விளக்கில்தான் தெரியும். அவன் முதுகை விரிக்கும்போது வாயும் விரியும். கெக்கெக்கே. அதற்கு என்ன குரல் கொடுக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குரலுக்கு இங்கே பஞ்சமா? நந்தம்பாக்கத்துக் கண்காட்சி ஹாலுக்குள் காலையில் நுழைந்ததும் என் காது இரண்டும் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பக்கம் புரோட்டீன் பவுடர் கடை, காதோடு ஒட்டின மைக்கில் ஒருத்தன், “வாங்க ப்ரோ, டேஸ்ட் பண்ணுங்க ப்ரோ, சாக்லேட் இருக்கு ப்ரோ, மேங்கோ இருக்கு ப்ரோ.” அவனிடம் போய் அவன் குரலிலேயே “கத்திரிக்கா இருக்கா ப்ரோ” என்று கேட்டேன், பின்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள், அவனே சிரித்தான். அந்தப் பக்கம் ஓடுகிற மெஷின் வரிசை, எல்லாரும் ஓடுகிறார்கள், ஒருத்தரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. நடுவில் எடை தூக்குகிற போட்டி, தூக்குகிறவனைவிட சுற்றி நிற்கிறவர்கள்தான் அதிகமாக முக்குகிறார்கள். ஒவ்வொருத்தன் குரலுக்கும் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துப் பிடித்துத் தூக்கினால் முழு ஆளும் கூடவே வந்துவிடுவான். இந்த மேடை அறிவிப்பாளருக்குக் கைப்பிடி கடைசி எழுத்து, “புளியந்தோப்பிலிருந்தூ... வந்திருக்கும்ம்... நம்பர் பதினொண்ண்ணு...” என்று ஊஞ்சலைத் தள்ளி விடுவது மாதிரி தள்ளிவிடுகிறார். எங்கள் அம்மாவுக்குக் கைப்பிடி “பாரு” என்பதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. எங்கள் ஜிம் ஜெயசீலன் மாஸ்டருக்கு ஒரு தொண்டைக் கனைப்பு, ம்க்கும், அதற்கப்புறம் ஒரு “இன்னா”. அவ்வளவுதான், ம்க்கும் இன்னா, மாஸ்டர் மொத்தமாக வந்து நிற்பார், தொப்பையோடு. பள்ளிக்கூடத்தில் நான் எடுக்காத குரல் கிடையாது. தலைமையாசிரியர் குரலில் லீவு விட்டிருக்கிறேன். கேன்டீன் அக்கா குரலில் அடுத்த வகுப்புப் பையன்களை ஓசி சமோசாவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். அவனுடைய அத்தா குரலை நான் எடுத்ததில் அப்சலே மூன்று தடவை ஏமாந்து வீட்டுக்கு ஓடியிருக்கிறான். ஏமாறாதவன் ஒருத்தன்தான், டில்லி. எந்த நம்பரிலிருந்து, எவன் குரலில் கூப்பிட்டாலும், “வணக்கம், காவல் நிலையத்திலேர்ந்து பேசுறோம்” என்று ஆரம்பித்தாலும், அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி, அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம், “சொல்றா குபே.” எப்படிடா கண்டுபிடிக்கிற என்று கேட்டால் தெரியலடா என்பான். அவனுக்குத் தெரியாமல் அவனை ஏதாவது செய்துவிட வேண்டும் என்று எத்தனை வருஷமாக ஆசை. இன்றைக்குச் செய்தாயிற்று. வாயால் முடியாததைக் கையால்.

“மச்சி, அந்த ஏழாம் நம்பரைப் பாரு, கால் இல்ல, காலே இல்ல,” என்கிறான் அப்சல் பக்கத்தில். எட்டு மாசத்துக்கு முன்னால் இவனுக்குக் கால் என்றால் நடக்கிறதுக்கு. இப்போது தொடையில் எத்தனை வெட்டு, தோளில் எத்தனை உருண்டை, எல்லாம் டில்லியிடம் கேட்டுக்கேட்டு மனப்பாடம். “நம்ம ஆளு வரட்டும், இவனுங்கல்லாம் ஒயுங்கா வூட்டுக்குப் போவேண்டியதுதான்.” நம்ம ஆளு. முன்பெல்லாம் அப்சல் வாயில் நம்ம ஆளு என்றால் அது நான். ஆண்டு விழாவில் மைக் என் கையில், என் பை டில்லி மடியில், முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் முன்னால் அவன்தான் சிரிக்க ஆரம்பிப்பான், அவன் ஆரம்பித்தால் ஹால் முழுக்கப் பற்றிக்கொள்ளும். அவனுடைய சிரிப்பு முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும், அப்புறம் மூக்கு வழியாக ஒரு விசில். ஆறாவதில் சத்துணவுக் கூடத்தில் நான் கணக்கு சார் மாதிரி ஏப்பம் விட்டதற்கு அவன் மூக்கிலிருந்து ரசம் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு என்ன வேலை என்று எனக்கே தெரிந்தது. அந்தத் தோள் எலும்பும் தோலுமாக ஹேங்கரில் மாட்டின சட்டை மாதிரி இருக்கும், குலுங்கினால் கழன்று விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். இப்போது அதே தோளில் பக்கத்துக்கு ஒரு தேங்காய். காலையில் ஸ்டாலில் நின்ற ஒரு பெண், கையில்லாத பனியன் போட்டு விளம்பரச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தவள், சீட்டு கொடுக்கிறதை விட்டுவிட்டு, “ஒரு செல்ஃபி எடுத்துக்கவா?” என்று அவனிடம் வந்தாள். அவனிடம். நான் நடுவில் நின்றிருந்தேன். “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்றாள் என்னிடம். தள்ளிக்கொண்டேன். தள்ளிக்கொண்டே அவள் குரலின் கைப்பிடி என்ன என்று தேடினேன், கிடைத்தது, பிறகு அந்தக் குரலில் அப்சலிடம், “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா” என்றேன், அப்சல் சிரிக்கவில்லை, செல்ஃபியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த உடம்பு யாருடையது என்று கேளுங்கள். முட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டில்லி இருப்பது மாமா வீட்டில், அங்கே ஒருத்தனுக்கு மட்டும் தினம் எட்டு முட்டை என்றால் நடக்குமா, அதனால் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவான், எங்கள் அம்மா எட்டு முட்டை அவித்து வைத்திருப்பார்கள், வெள்ளை அவனுக்கு, மஞ்சள் எனக்கு. “வீணாக்கக் கூடாதுடா, சாப்புடு.” எட்டு மாசம். எட்டு மாசமாக நான் மஞ்சள் கரு தின்றுகொண்டிருக்கிறேன். அவனுக்கு வயிற்றில் ஆறு கட்டம் வந்தது, எனக்கு நெற்றியில் பரு வந்தது. தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் அந்த மாவு, தண்ணீர் குடித்தாலும் இறங்காது. எதிரில் அவன் வழுவழு என்று விழுங்கிக்கொண்டிருப்பான், அம்மா இடுப்பில் கை வைத்து, ஒரு மூச்சை இழுத்து, “பாரு டில்லிய. நீயும் இருக்கியே. வாய் மட்டும் வளருது.” அம்மா, அவன் உடம்பு பூராவும் நம் வீட்டு முட்டை, என்னையும் கொஞ்சம் பார். ஜிம்முக்கு முதலில் போனது யார்? நான். இவர்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனது நான். மாடியில் தகரம் போட்ட ஜிம், மாஸ்டர் ம்க்கும் என்று நடந்து வந்தார், நாலாவது நாள் அவர் முதுகுக்குப் பின்னால் நான் ம்க்கும் என்றேன், மொத்த ஜிம்மும் கையிலிருந்த இரும்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. மாஸ்டர் திரும்பினார். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. என் கையை எடுத்து, புஜத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், கீரைக்கட்டை அழுத்துவது மாதிரி. “உனுக்கு மசில் வாய்ல கீது தம்பி. அதுக்கு இங்க மெஷின் இல்ல.” எல்லாரும் சிரித்தார்கள். டில்லியும். தோள் குலுங்கினது. அன்றைக்கு நான் இறங்கி வந்துவிட்டேன். கூட வருவான் என்று கீழே டீக்கடையில் ரொம்ப நேரம் நின்றேன். அவன் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வேர்த்துக்கொண்டு வந்து, “செம்மயா கீதுடா” என்றான். என்னடா செம்மை? நான் இல்லாத ஒரு மணி நேரத்தில் அவனுக்கு என்ன செம்மை?

சரி, காலைக்கு வா. காலையில்தான் எல்லாம். இரண்டு பஸ் மாறி வந்தோம், டில்லி ஜன்னலோரம், போர்வை மாதிரி ஒரு பெரிய சட்டை. முந்தாநாள் ராத்திரியிலிருந்து தண்ணீர் கிடையாது அவனுக்கு. மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தானாம், தண்ணீரை நிறுத்தினால் தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளுமாம், கோடு கோடாகத் தெரியுமாம். உதடு இரண்டும் காய்ந்த வாய்க்கால் மாதிரி வெடித்திருந்தது. நான் கண்டக்டர் குரலில் “பின்னாடி பூரா காலி, ஏன் முன்னாடியே தொங்குற” என்று ஆரம்பித்தேன். அவன் என் முட்டியில் கை வைத்தான். “இன்னிக்கு ஒரு நாள் சிரிக்க வெக்காதடா குபே. தண்ணி இல்ல. சிரிச்சா வயித்துல சதை பிடிச்சுக்கும்.” நியாயம்தானே. நியாயம்தான். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் இன்றைக்கு ஒரு நாள் என்றானே, எட்டு மாசமாக அவன் எங்கே சிரித்தான்? ஒன்பது மணிக்குத் தூக்கம், ஐந்து மணிக்கு விழிப்பு, நடுவில் கோழி, நான் ஒரு நல்ல குரல் பிடித்துக்கொண்டு போனால் சோறு வேகிறதைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்ப்பான், “சூப்பர்டா” என்பான். சூப்பர்டா என்று சொல்வதற்குப் பேர் சிரிப்பா? போட்டிக்காரர்களோடு ஒரு ஆள் உள்ளே போகலாம். அதற்குக் கையில் ஒரு காகிதப் பட்டை ஒட்டுகிறார்கள், உதவியாளர் என்று எழுதியிருக்கிறது. அப்சல் ஆசையாகக் கை நீட்டினான், டில்லி, “குபே வரட்டும்டா” என்றான். பார்த்தாயா என்று அப்சலைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ராஜா மாதிரி உள்ளே போனேன். மேடைக்குப் பின்னால் ஒரு நீளமான கூடாரம், சின்ன பல்பு, ஐம்பது அறுபது பேர் ஜட்டியோடு நின்று ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் கலர் அடிக்கிறார்கள், விளக்கு வெளிச்சத்தில் வெளுப்பாகத் தெரியக் கூடாது என்று. முன்பக்கம் அவனவனே பூசிக்கொள்ளலாம். முதுகு மட்டும் அடுத்தவன் கையில். எப்பேர்ப்பட்ட பயில்வானுக்கும் முதுகு அடுத்தவன் கையில்.

டில்லி போனை, வாட்சை, உதட்டுக்குப் போடுகிற வாஸ்லின் டப்பாவை எல்லாம் என்னிடம் கொடுத்தான். கையைத் தூக்கி முதுகைக் காட்டினான். பக்கத்தில் எண்ணூர்க்காரன் ஒருத்தன், மலை மாதிரி, “யாருப்பா இது, தம்பியா?” என்று கேட்டான். டில்லி திரும்பாமலே சொன்னான், “நம்ம பையன்ணா. கலர் அடிக்க வந்திருக்கான்.” அவ்வளவுதான் சொன்னான். நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டேன், அதில் தப்பு எதுவும் இல்லை. நான் பையன்தான். கலர் அடிக்கத்தான் வந்திருந்தேன். கையில் உதவியாளர் என்று ஒட்டியிருக்கிறது. ஆனால் கலர் அடிக்க வந்திருக்கான். எண்ணூர்க்காரன், “அப்ப எனக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துடுப்பா” என்றான். இழுத்தேன். அவனுக்கும் இழுத்தேன். டில்லியைப் பற்றி நான் ஊரெல்லாம் என்ன சொல்லுவேன்? “இவன் டில்லி, என் ஆளு, சிரிக்க வந்திருக்கான்.” அதுவும் அதே மாதிரிதான் இருக்கிறதோ? இல்லை, அது வேறு. வேறுதானே? பிறகு டில்லி முதுகுக்கு வந்தேன். இவ்வளவு பக்கத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. எலும்பு எங்கே போயிற்று? இரண்டு பக்கமும் சிறகு மாதிரி, நடுவில் பள்ளம், மூச்சு விட்டால் முழுசும் அசைகிறது. ரசம் மூக்கில் ஏறினபோது நான் தட்டின முதுகு இதுதானா? இது எப்போது வந்தது, எங்கள் வீட்டு முட்டையைத் தின்று, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்? ஸ்பாஞ்சால் பூசிக்கொண்டே போனேன். என் ஆள்காட்டி விரலில் வாஸ்லின் ஒட்டியிருந்திருக்கிறது, அந்த விரலில் மட்டும் கலர் பிடிக்கவில்லை, துடைத்தால் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன். முதுகைப் பார்த்தேன். டப்பாவைத் திறந்தேன். “இன்னாடா சில்லுனு கீது?” என்றான். “உள்கலர் மச்சி, ரெண்டு கோட்டிங்,” என்றேன், இதை என் குரலிலேயே சொன்னேன். கண், கண், மூக்கு, வாய். நாடி வரைக்கும் ஒரு வளைவு. அதற்கு மேல் தடவிவிட்டேன், ஒன்றுமே தெரியவில்லை, வழவழ காப்பிக்கொட்டை. “ஒரு போட்டோ எடுத்துக் காட்டுடா” என்றான். எடுத்தேன். காட்டப் போனேன். பார்க்காமலே, “உட்றா, நீ சொன்னா சரிதான்” என்றான். நான் ம்க்கும் என்று கனைத்து, மாஸ்டர் குரலில், “இன்னா முதுகுடா இது, கெத்து” என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “டேய், சிரிக்க வெக்காதன்னேனே” என்றான். ஆனால் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்தக் காகிதப் பட்டையைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

நீ சொன்னா சரிதான். இது எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, மஞ்சள் கரு மாதிரி. விழுங்கு. மேடையைப் பார். ஐம்பத்தைந்து கிலோக்காரர்களைத் திரும்பச் சொல்கிறார்கள், “பின்புறம்ம்... திரும்பவும்ம்...” ஏழு முதுகு. ஒவ்வொன்றையும் நடுவர்கள் நிறுத்திவைத்துப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம், இவ்வளவு நேரமா பார்ப்பார்கள், நான் ஒரு நொடி என்று நினைத்திருந்தேன், திரும்பினான், சிரித்தார்கள், முடிந்தது என்று. ஐந்து பேர் ஒரு மேஜையில் பேனாவோடு, கண்ணாடியை இறக்கி ஏற்றி, முதுகைக் கறிக்கடையில் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். ஒரு பையனுக்குப் பின்னால் ஜட்டியின் லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான், வெள்ளையாக ஒரு சின்ன லேபிள். எங்கோ ஒருத்தன் “விலை எவ்ளோப்பா?” என்று கத்தினான், ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அந்தப் பையனின் காது சிவப்பதைப் பார்த்தேன், கலருக்கு மேலேயும் தெரிகிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது, திரும்பினால் மார்க் போகும், திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு இறுக்கிக்கொண்டே நிற்கிறான், தொடை நடுங்குகிறது. விலை கேட்டவன் யார்? தெரியவில்லை. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பெல்லாம் நேராக அந்த லேபிளுக்குப் போகிறது. ஓ. அப்படியா. அப்படியென்றால் நான் வரைந்த முகத்துக்கும் அதுதானா? ஹாலே உருண்டு சிரிக்கும், அது மொத்தமும் டில்லி முதுகுக்குப் போகும், எவனும் இந்த ஓரத்து நாற்காலியைப் பார்க்க மாட்டான். இதிலும் அவனுக்குத்தானா? என் முட்டை, என் ஜிம், என் அம்மா, இப்போது என் ஜோக்கும் அவன் உடம்பில் ஏறி நின்று கைதட்டு வாங்கப்போகிறதா?

“மொத மூணு பேருக்குள்ள வந்துட்டா ஜில்லா டீம் மச்சி,” என்கிறான் அப்சல், நகத்தைக் கடித்துக்கொண்டு. “மாஸ்டர் சொன்னாரு. அந்த எண்ணூர் ஆளு பெரிய வெயிட்டு, வேற பிரிவு. இதுல டில்லிக்கு எதிரா எவனும் இல்ல. முதுகு ஒண்ணு போதும்னாரு. இந்தப் பிரிவுல அவன மாதிரி முதுகு எவனுக்கும் இல்லியாம்.” முதுகு ஒன்று போதும். பாக்கெட்டுக்குள் கையைத் துணியோடு தேய்க்கிறேன். அந்த முகம் தெரியாமலும் போகலாம். வாஸ்லின் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம். எண்ணெய் தடவுகிற ஆள் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கலாம். கடைசி நேரத்தில் மாஸ்டர் பார்த்து இன்னொரு பூச்சுப் பூசியிருக்கலாம். மாஸ்டர் எங்கே? அதோ, மேடைக்குக் கீழே, கயிற்றை ஒட்டி, தொப்பையின் மேல் கை கட்டிக்கொண்டு இங்கேதான் நிற்கிறார். அப்படியென்றால் உள்ளே நம்ம ஆள் யாருமில்லை. உள்ளே அவன் தனியாக இருக்கிறான், கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு, சதை புடைக்க ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு, முதுகைக் கூடாரத் துணிக்குக் காட்டிக்கொண்டு. ஒரு போன் போடு. டேய், முதுகைத் துடைக்கச் சொல்லு என்று ஒரு வார்த்தை, அப்புறம் காரணம் யோசித்துக்கொள்ளலாம். இடது கையால் என் போனை எடுத்து டில்லி என்று அழுத்தினேன். என் தொடையில் அதிர்ந்தது. அவன் போன். என் பாக்கெட்டில். எடுத்துப் பார்த்தேன், திரையில் என் பேரை எப்படிப் போட்டு வைத்திருக்கிறான் தெரியுமா? குபே ஒரிஜினல். குபே போலீஸ், குபே ஹெட்மாஸ்டர், குபே சமோசா என்று நான் கூப்பிட்ட எல்லா நம்பரையும் போட்டு வைத்திருப்பான் போல, அதில் இது ஒரிஜினல். அது அதிர்ந்துகொண்டே இருந்தது, என் கலர்க் கைக்குள், ஒரு தவளை மாதிரி. எழுந்தேன். “எங்கடா போற, இப்ப வந்துடுவான்!” “தோ வரேன்.” கூடார வாசலில் சட்டையை இறுக்கமாகப் போட்ட காவலாளி, “பட்டை எங்க?” “இருந்துச்சுண்ணா, காலைல நான்தான் உள்ள...” “பட்டை?” கையைக் காட்டினேன், மணிக்கட்டு வரைக்கும் காப்பிக்கொட்டை, “பாருங்கண்ணா, நான் கலர் அடிக்க வந்த பையன்.” என் வாயாலேயே சொன்னேன். “கலர் அடிச்சாச்சு இல்ல, போ தம்பி, போய் உக்காந்து பாரு.” குப்பைத் தொட்டிக்கு ஓடினேன், அதற்குள் மேலே முழுக்கப் புரோட்டீன் டம்ளர், தோண்டத் தோண்ட டம்ளர், அதற்குள் அந்த ஊஞ்சல் குரல், “அறுபது கிலோ பிரிவூ... மேடைக்கூ...”

வந்துவிட்டான். ஆறு பேரில் நாலாவது. முன்பக்கம். ஐயோ, எவ்வளவு அழகாக இருக்கிறான்! இது யார் என்று ஒரு நொடி எனக்கே தெரியவில்லை, வெளிச்சம் பட்டதும் செம்பில் அடித்து வைத்த மாதிரி, வயிற்றில் கட்டம் கட்டமாக, உதடு வெடித்திருப்பதுகூடத் தெரியவில்லை. செல்ஃபிப் பெண் எங்கேயோ நின்று விசில் அடிக்கிறாள். அப்சல் நாற்காலி மேல் ஏறிவிட்டான், “டில்லீ! நம்ம ஆளு! நம்ம ஆளு!” நான் கயிற்றோரம் வரைக்கும் வந்துவிட்டேன், மாஸ்டருக்கும் எனக்கும் நடுவில் நாலு பேர். இன்னமும் என்னால் அவனைப் பார்த்து வயிறு எரியாமல் இருக்க முடியவில்லை, இப்போதுகூட, இந்த நேரத்தில்கூட. நல்லா வேணும் என்று ஒருத்தன் உள்ளே சொல்கிறான், வேண்டாம் என்று ஒருத்தன் சொல்கிறான், இரண்டு பேருக்கும் என் குரல்தான். “பக்கவாட்டில்ல்...” திரும்பினார்கள். தோளின் ஓரத்தில் வெளுப்பாக ஒரு கோடு, வாயின் நுனி. விழித்துக்கொண்டுவிட்டது. “பின்புறம்ம்...”

முதலில் ஒரு சின்னப் பெண் குழந்தை, “அம்மா, அந்த மாமா முதுகுல மூஞ்சி” என்றது. அதற்கப்புறம் வந்தது பார், நான் கேட்டதிலேயே பெரிய சிரிப்பு, எந்த ஆண்டு விழாவிலும் எனக்குக் கிடைக்காத சிரிப்பு, தகரக் கூரையில் மழை இறங்கின மாதிரி. முகம் அச்சு அசலாக வந்திருந்தது, நான் வரைந்ததைவிட நன்றாக. டில்லி அந்தச் சத்தத்தைக் கேட்டான். கைதட்டு என்று நினைத்துக்கொண்டான். எனக்கு அவன் கழுத்திலேயே தெரிந்தது, அவனுக்கு அது பாராட்டு, முதுகு ஒன்று போதும் என்று மாஸ்டர் சொன்னாரே, அந்த முதுகுக்கு. இன்னும் இழுத்து, இன்னும் விரித்தான். வாய் இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்தது. ஹால் கதறியது. நடுவரில் ஒருத்தர் பேனாவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து நடுவர் தாளில் ஏதோ அடித்தார், நீளமாக ஒரு கோடு. “டில்லி!” என்று கத்தினேன், என் குரலில். கேட்கவில்லை. “டில்லி, திரும்புடா!” மேடையில் தன் குரலையும் அறிவிப்பாளர் குரலையும் தவிர எதையும் காதில் வாங்கக் கூடாது என்று மாஸ்டர் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார், தெரியும். மாஸ்டர் சிலை மாதிரி நிற்கிறார், அவர் வாய் அசையவே இல்லை. சரி, எனக்கு என்ன தெரியுமோ அதைத்தான் செய்ய முடியும். கையைக் குழல் மாதிரி வாயில் வைத்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து, “ம்க்கும்! இன்னாடா நிக்குற! டில்லி! போஸை உடு! முன்னால திரும்பு!”

அதைவிட நன்றாக மாஸ்டரை நான் எடுத்ததே இல்லை. மாஸ்டரே திடுக்கிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரும்பினார். டில்லிக்கும் கேட்டது. ஒரு நொடி அமைதி. அந்த ஒரு நொடி எனக்குத் தெரியும், ஆறாவதிலிருந்து தெரியும். போஸை விடவில்லை. விடுவானா? குபே விளையாடுகிறான், இன்றைக்கு ஒரு நாள் வேண்டாம் என்றும் கேட்காமல், மேடையிலிருந்து என்னை இறக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்திருப்பான். திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கினபடியே, இறுக்கினபடியே, அவன் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல். அப்புறம் இன்னும் கொஞ்சம். எட்டு மாசம் கழித்து டில்லி நான் சொன்னதற்குச் சிரிக்கிறான், தண்ணீர் இல்லாத வயிற்றைப் பிடிக்கக்கூட முடியாமல் சிரிக்கிறான், அவன் சிரிக்கச் சிரிக்க முதுகிலிருந்த முகமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது, அதைப் பார்த்து ஹால் நாற்காலியிலிருந்து விழுந்தது. “முன்புறம்ம்...” என்ற அறிவிப்பாளர் குரலே உடைந்துபோயிருந்தது. டில்லி திரும்பினான். கண்ணில் நீர், வெடித்த உதட்டில் ஒரு சொட்டு ரத்தம், முகம் முழுக்கச் சிரிப்பு. கூட்டத்தில் என்னைத் தேடினான், உடனே கண்டுபிடித்தான், வேறு எங்கும் பார்க்கவில்லை. என் கை இன்னும் வாயோரத்திலேயே இருந்தது, மணிக்கட்டு வரைக்கும் அவன் நிறத்தில். மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டில்லி இன்னும் பார்க்கவில்லை. மேடையிலிருந்து, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தான்.

சொல்றா குபே.